காற்றையும் சேர்த்துக் கற்பிப்போம்

(அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேசப்போவது மிகப் பழைய ஒரு கேள்வியைப் பற்றி. கனமான பொருளையும் லேசான பொருளையும் ஒரே உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விட்டால் எது முதலில் தரையைத் தொடும்? ஐந்தாம் வகுப்பில் கேட்டால், "கனமானதுதான் சார்" என்று பிள்ளைகள் சட்டென்று சொல்வார்கள். பத்தாம் வகுப்பில் கேட்டால், "இரண்டும் ஒரே நேரத்தில் விழும்" என்று பதில் வரும். ஐந்து ஆண்டுகளில் நாம் சரியாகக் கற்பித்துவிட்டோம் என்று தோன்றும். அதே பத்தாம் வகுப்பு மாணவரிடம் ஒரு தாளையும் ஒரு கல்லையும் கொடுத்து, "விடு, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். கல் முதலில் விழும். "ஏன்?" என்று கேட்டால், "புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு, ஆனா நிஜத்துல வேற மாதிரி" என்பார்.

நாம் கவலைப்பட வேண்டியது இந்தப் பதிலைப் பற்றித்தான். அறிவியல் என்பது தேர்வில் எழுதுவதற்கு ஒன்று, கண்ணால் காண்பதற்கு வேறொன்று என்று ஒரு குழந்தை முடிவு செய்துவிட்டால், அதன்பின் நாம் நடத்தும் எந்தப் பாடமும் அந்தக் குழந்தையின் மனத்தில் முழுதாகப் பதியாது.

ஐந்தாம் வகுப்புக் குழந்தை சொன்ன பதிலும் வெறும் அறியாமையில் பிறந்தது அல்ல. அந்தக் குழந்தை தினமும் பார்க்கிறது. தென்னை மரத்திலிருந்து தேங்காய் 'தொப்'பென்று விழுகிறது. காய்ந்த இலையோ ஆடி அசைந்து இறங்குகிறது. காலி மனையில் எருக்கங்காய் வெடித்தால் வெளிவரும் விதையைத் தாத்தாப்பூச்சி என்று ஊதி விளையாடுகிறார்கள். அது விழுவதே இல்லை போலத் தோன்றும். இத்தனையும் பார்த்த குழந்தையிடம், "நீ சொல்வது தவறு, எல்லாம் ஒரே வேகத்தில்தான் விழும்" என்று மட்டும் சொன்னால், அதன் கண்ணை நாம் மறுக்கிறோம். குழந்தை பார்த்தது உண்மை. அந்த உண்மைக்குள் இரண்டு விசைகள் கலந்திருக்கின்றன. ஒன்று புவியீர்ப்பு விசை, மற்றொன்று காற்றுத் தடை. கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டுவதுதான் நம் வேலை.

முதலில் வகுப்பறையிலேயே பிரித்துப் பார்ப்போம்

ஒரே அளவுள்ள இரண்டு வெள்ளைத் தாள்கள் போதும். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றொன்றை இறுகக் கசக்கி உருண்டையாக்கி விடுங்கள். உருண்டை முதலில் விழும். இரண்டின் நிறையும் ஒன்றுதான். எனவே வேறுபாட்டுக்குக் காரணம் நிறை அல்ல என்பதைக் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, ஒரு பாடப்புத்தகத்தின் மேல் அதைவிடச் சிறியதாக வெட்டிய தாளை வைத்து, புத்தகத்தைக் கிடையாகப் பிடித்து விடுங்கள். தாள் புத்தகத்தைவிட்டுப் பிரியாமல் கூடவே இறங்கும். புத்தகம் கீழே உள்ள காற்றை விலக்கிக்கொண்டு போவதால் தாளைத் தடுக்கக் காற்று இல்லை. "தாளைப் புத்தகத்துக்கு அடியில் வைத்தால்?", "தாள் புத்தகத்தைவிடப் பெரியதாக இருந்தால்?" என்ற கேள்விகளை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள். முதலில் ஊகத்தை எழுதட்டும். பிறகு செய்து பார்க்கட்டும்.

மூன்றாவது சோதனைக்கு ஒரே மாதிரியான மூன்று 1 லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் வேண்டும். ஒன்றில் முழுவதும் தண்ணீர், ஒன்றில் பாதி, ஒன்று காலி. மூன்றையும் மூடிவிடுங்கள். கீழே மணல் நிரப்பிய கோணிப்பையைப் போட்டு, சுமார் 2 மீட்டர் உயரத்திலிருந்து படுக்கைவசமாக விடச் செய்யுங்கள். முதலில் முழு பாட்டிலும் பாதி பாட்டிலும். ஒன்று மற்றொன்றைப்போல் இரு மடங்கு கனம்; ஆனாலும் ஒரே 'தொப்' சத்தம்தான் கேட்கும். பிறகு முழு பாட்டிலும் காலி பாட்டிலும். இப்போது காலி பாட்டில் பின்தங்கும். கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளியாக எடுத்தால் எல்லாருக்கும் தெளிவாகத் தெரியும்.

இந்த மூன்றாவது சோதனையில்தான் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மூன்று பாட்டில்களின் வடிவமும் ஒன்று. எனவே ஒரே வேகத்தில் செல்லும்போது அவற்றின் மீது காற்றுத் தடையும் ஒன்றுதான். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் அந்தத் தடை ஏறத்தாழ 0.1 நியூட்டன். முழு பாட்டிலின் எடை சுமார் 10 நியூட்டன். அதற்கு இந்தத் தடை நூற்றில் ஒரு பங்கு. காலி பாட்டிலின் நிறை 25 கிராம் என்று கொண்டால், எடை கால் நியூட்டன்தான். அதற்கு இதே தடை ஏறத்தாழ பாதி எடைக்குச் சமம். காற்று யாரையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. தாங்கும் திறன்தான் வேறுபடுகிறது.

ஆகவே, ஒரே அளவும் ஒரே வடிவமும் கொண்ட இரு பொருள்கள் காற்றில் விழும்போது கனமானது சற்று முன்னதாகவே விழும். இதை நாம் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். காற்று இல்லாத இடத்தில் மட்டுமே அவை மிகச் சரியாக ஒன்றாக விழும்.

கனமானதைப் பூமி அதிகமாக இழுக்கவில்லையா?

இது நல்ல மாணவர் கேட்கும் கேள்வி. "10 கிலோ கல்லைப் பூமி பத்து மடங்கு அதிகமாக இழுக்கிறது என்றால் அது பத்து மடங்கு வேகமாக வர வேண்டாமா?"

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சரக்கு ஏற்றிய தள்ளுவண்டிகளைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஒரு வண்டியை ஒருவர் தள்ளுகிறார். பக்கத்தில் பத்து மடங்கு சுமையுள்ள வண்டியைப் பத்துப் பேர் தள்ளுகிறார்கள். இரண்டும் ஒன்றாகவே வேகம் எடுக்கும். தள்ளும் விசை பத்து மடங்கு. அசைக்க வேண்டிய நிறையும் பத்து மடங்கு. பூமி செய்வதும் இதுதான். கனமான பொருளை அதிகமாக இழுக்கிறது. ஆனால் கனமான பொருள் அசைவதற்கு அதே அளவுக்கு அடம் பிடிக்கிறது. பெருக்கலும் வகுத்தலும் ஈடாகிவிட, மிஞ்சுவது எல்லாப் பொருளுக்கும் பொதுவான புவியீர்ப்பு முடுக்கம்.

அந்த முடுக்கத்தை 9.8 என்று கரும்பலகையில் எழுதுகிறோம். அது எங்கோ வெளிநாட்டில் அளந்த எண் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை நம் சென்னையில் அளந்திருக்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டப்பட்ட சென்னை வானாய்வகத்தில், ஜான் கோல்டிங்ஹாம் என்பவர் 1821-இல் நொடி ஊசலின் நீளத்தை மிக நுட்பமாக அளந்தார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லச் சரியாக ஒரு நொடி எடுக்கும் ஊசலுக்கு நொடி ஊசல் என்று பெயர். சென்னையில் அதன் நீளம் சுமார் 99.1 சென்டிமீட்டர். இதிலிருந்து கிடைக்கும் புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.78. லண்டனில் இது 9.81. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சற்றுக் குறைகிறது. அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

ஒரு நூலும் ஓர் இரும்பு நட்டும் இருந்தால் இதை எட்டாம் வகுப்பிலேயே செய்யலாம். தொங்கவிடும் புள்ளியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 99 சென்டிமீட்டர். சிறிய வீச்சில் ஆடவிட்டு, 20 முழு அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளக்கட்டும். 40 நொடிக்கு அருகில் வரும். மீட்டரில் உள்ள நீளத்தை 39.5-ஆல் பெருக்கி, ஓர் அலைவுக்கான நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் கிடைத்துவிடும். ஊசல் மெதுவாக ஆடுவதாலும், நட்டு சிறியதாகவும் கனமாகவும் இருப்பதாலும் காற்று இங்கே அதிகம் குறுக்கிடுவதில்லை. ஈர்ப்பை மட்டும் தனியே பிடிக்க இது எளிய வழி.

காற்று இல்லையென்றால் மழையில் நனைய முடியாது

இனி காற்றின் பக்கம் வருவோம். காற்றுத் தடை மூன்று விஷயங்களைப் பொறுத்தது என்று மாணவர்களுக்குச் சொல்லலாம்: பொருள் காற்றுக்குக் காட்டும் பரப்பு, அதன் வடிவம், அதன் வேகம். இவற்றுள் வேகம்தான் முக்கியம். நாம் அன்றாடம் காணும் பொருள்களுக்கு, வேகம் இரு மடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். மிதிவண்டியை வேகமாக ஓட்டும்போது முகத்தில் அறையும் காற்றே இதற்குச் சாட்சி.

விழும் பொருளின் வேகம் கூடக்கூட, காற்றுத் தடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் தடை பொருளின் எடைக்குச் சமமாகிவிடும். அதன்பின் வேகம் கூடாது. பொருள் சீரான வேகத்தில் இறங்கும். இதையே மேல்நிலை வகுப்பில் முற்றுத் திசைவேகம் என்று படிக்கிறார்கள். இந்தப் பெயரைக் கீழ்வகுப்பில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நிகழ்வை எந்த வகுப்பிலும் காட்டலாம். நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழையைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறு இல்லை.

செம்பரம்பாக்கம் ஏரியை நிரப்பும் மழைத்துளி 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றுத் தடையைப் புறக்கணித்து மாணவர்களைக் கணக்கிடச் சொல்லுங்கள். நொடிக்கு சுமார் 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் என்று விடை வரும். அந்த வேகத்தில் துளிகள் விழுந்தால் பயிர் நிற்காது, ஓடு தாங்காது, நாம் வெளியே தலைகாட்ட முடியாது. உண்மையில் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி தரையைத் தொடும் வேகம் நொடிக்கு சுமார் 6.5 மீட்டர்; மணிக்கு 23 கிலோமீட்டர்தான். மிதிவண்டியில் சற்று விரைந்து போகும் வேகம். 5 மில்லிமீட்டர் பெருந்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வரும். அரை மில்லிமீட்டர் தூறல் 2 மீட்டர் வேகத்தில் வரும். மேகத்தில் இருக்கும் நுண்துளிகளோ நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் இறங்குகின்றன. மேலெழும் காற்று அவற்றை எளிதில் தாங்கிவிடுகிறது. "மேகத்தில் அவ்வளவு தண்ணீர் இருந்தும் ஏன் கீழே விழுவதில்லை?" என்று ஆறாம் வகுப்புக் குழந்தை கேட்டால், பதில் இதுதான்.

பெருந்துளிக்கு மேல் ஏன் இன்னும் பெரிய துளி இல்லை என்பதும் காற்றின் வேலையே. துளி பெரிதாகும்போது கீழிருந்து தாக்கும் காற்று அதைத் தட்டையாக்கி, இறுதியில் சிதறடித்துவிடுகிறது. படங்களில் நாம் வரையும் கூர்முனைத் துளி வானத்தில் எங்கும் விழுவதில்லை. சிறிய துளி உருண்டையாக இருக்கும். பெரிய துளி அடிப்பக்கம் தட்டையாகி, மேல்பக்கம் குவிந்து, ஏறத்தாழ இட்லி வடிவத்தில் இருக்கும்.

இந்த நிகழ்வை வகுப்பறைக்குள் கொண்டுவரச் செய்தித்தாள் போதும். 15 சென்டிமீட்டர் விட்டத்தில் ஐந்து வட்டங்கள் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் விளிம்பிலிருந்து மையம் வரை ஒரு வெட்டு. கால் பங்கை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து ஒட்டினால் அகன்ற கூம்பு கிடைக்கும். கூர்முனை கீழே இருக்கும்படி விட்டால் ஆடாமல் நேராக இறங்கும். நான்கு கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். பரப்பும் வடிவமும் மாறவில்லை. எடை மட்டும் நான்கு மடங்கு. எடை நான்கு மடங்கானால் அதைச் சமன்செய்யத் தடையும் நான்கு மடங்காக வேண்டும். அதற்கு வேகம் இரு மடங்கானால் போதும். சரியா என்று பார்ப்போம். படிக்கட்டில் நின்று 3 மீட்டர் உயரத்திலிருந்து நான்கு கூம்புக் கட்டையும், 1.5 மீட்டர் உயரத்திலிருந்து ஒற்றைக் கூம்பையும் ஒரே நேரத்தில் விடுங்கள். ஏறத்தாழ ஒன்றாகத் தரையைத் தொடும். ஒரு கட்டு செய்தித்தாளில் ஒரு வகுப்பு முழுவதும் செய்துவிடலாம்.

நம் பக்கத்தில் நடந்த பெரிய சோதனைகள்

ஆவடியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர் வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏறுவதை மொட்டை மாடியிலிருந்து பார்த்த குழந்தைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். ஏறியது எப்படித் திரும்ப இறங்கும் என்று அவர்களிடம் கேட்போம்.

2007 ஜனவரி 10 அன்று அங்கிருந்து பி.எஸ்.எல்.வி.-சி7 ஏவுகலம் எஸ்.ஆர்.இ.-1 என்ற விண்கலத்தைக் கொண்டுசென்றது. 550 கிலோ எடையுள்ள அந்தக் கலம் ஜனவரி 22 அன்று பூமிக்குத் திரும்பி, ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே 140 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலில் இறங்கியது. அதன் வேகக் கணக்கைக் கவனியுங்கள். வளிமண்டலத்துக்குள் நுழையும்போது நொடிக்கு சுமார் 8 கிலோமீட்டர். 5 கிலோமீட்டர் உயரத்துக்கு வந்தபோது நொடிக்கு 101 மீட்டர். அதுவரை பாராசூட் எதுவும் விரியவில்லை. அவ்வளவு வேகத்தையும் குறைத்தது வெறும் காற்று. அதற்கு விலையாகக் கலத்தின் மேற்பரப்பு கடுமையாகச் சூடேறும் என்பதால்தான் வெப்பத் தடுப்புக் கவசம் பொருத்தியிருந்தார்கள். அதன்பின் விரிந்த சிறிய பாராசூட்டுகள் வேகத்தை 47 மீட்டராகக் குறைத்தன. முதன்மைப் பாராசூட் விரிந்ததும் அது 12 மீட்டராகி, கலம் கடலைத் தொட்டது. ககன்யான் திட்டத்துக்காக 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடத்திய சோதனையிலும் ஆளில்லாக் கலம் பாராசூட்டுகளின் துணையோடுதான் கடலில் இறங்கியது. நாளை மனிதர்கள் திரும்பி வரும்போதும் அவர்களைத் தாங்கப்போவது இதே காற்றுதான்.

இதோடு சந்திரயான்-3 கலத்தை ஒப்பிட்டுக் காட்டுங்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் இறங்கியதைப் பல பள்ளிகளில் மாணவர்கள் நேரலையில் பார்த்தார்கள். அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். அந்தக் கலத்தில் பாராசூட் இல்லை. ஏன்? நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்குதான். ஆனால் வேகத்தைக் குறைக்க அங்கே காற்று இல்லை. 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இன்ஜின்களை எரித்தே வேகத்தைக் குறைத்தார்கள். "நிலவில் ஈர்ப்பு குறைவு, எனவே மெதுவாகத்தானே விழும்?" என்று கேட்கும் மாணவருக்கு இது சரியான இடம்.

அதே நிலவில் 1971 ஆகஸ்ட் 2 அன்று, அப்போலோ-15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் ஒரு கையில் 1.32 கிலோ சுத்தியலும் மறுகையில் ஒரு வல்லூறின் இறகும் பிடித்து ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே நிலவின் தரையைத் தொட்டன. அந்தக் காணொளியை வகுப்பில் காட்டலாம். ஆனால் தாளையும் பாட்டிலையும் கையால் விட்டுப் பார்த்த பிறகு காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் அது ஒரு வேடிக்கை. பிறகு காட்டினால் அவர்கள் எதிர்பார்த்த விடை.

வகுப்பறைக்குச் சில வேண்டுகோள்கள்

தொடக்க வகுப்புகளில் சூத்திரம் வேண்டாம். "விடு, பார், சொல், மாற்றி விடு" என்ற நான்கும் போதும். இலை, இறகு, எருக்கு விதை, கூழாங்கல் ஆகியவற்றைக் குழந்தைகளே கொண்டுவரட்டும்.

நடுநிலை வகுப்புகளில் "ஒரே ஒன்றை மட்டும் மாற்று" என்ற பழக்கத்தை இந்தப் பாடத்தின் வழியே கற்பிக்கலாம். கசக்கிய தாளில் வடிவம் மட்டும் மாறியது. பாட்டிலில் நிறை மட்டும் மாறியது. எதை மாற்றினோம் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வைப்போம்.

உயர்நிலை வகுப்பில், "காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும்" என்று கணக்கில் வரும்போதெல்லாம், "புறக்கணிக்கலாமா?" என்று ஒரு நிமிடம் கேளுங்கள். மாடியிலிருந்து விழும் இரும்புக் குண்டுக்குப் புறக்கணிக்கலாம். மழைத்துளிக்குக் கூடாது. இந்தத் தீர்ப்பைச் சொல்லத் தெரிந்த மாணவருக்குத்தான் கணக்கு உண்மையில் புரிந்திருக்கிறது. வகுப்புத் தேர்விலும் "எது முதலில் விழும்?" என்பதோடு நிறுத்தாமல், "எந்தச் சூழலில் ஒன்றாக விழும், எந்தச் சூழலில் விழாது?" என்று கேட்போம்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. கார்ட்டூனில் குடையை விரித்துக்கொண்டு மாடியிலிருந்து குதிப்பதைச் சிறு பிள்ளைகள் பார்க்கிறார்கள். பாராசூட் பாடம் நடத்தும் அன்றே இதையும் பேசிவிடுங்கள். 1 மீட்டர் விட்டமுள்ள குடை கிழியாமல் மடங்காமல் நின்றாலும், 30 கிலோ குழந்தையைத் தாங்கும்போது காற்றுத் தடை எடைக்குச் சமமாவது நொடிக்கு 20 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில்தான். அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். ஒரு மாடி உயரத்தில் அந்தக் குடையால் எந்தப் பயனும் இல்லை. அதேபோல, நம் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. 12 மீட்டர் உயரத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து தவறி விழும் பூந்தொட்டி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் தரைக்கு வரும். அந்தக் கனத்துக்குக் காற்று தடையே இல்லை. மாணவர்களே கணக்குப் போட்டுப் பார்த்தால், வீட்டில் போய்த் தொட்டியை உள்ளே நகர்த்தச் சொல்வார்கள்.

ஈர்ப்பைத் தனிப் பாடமாகவும் காற்றுத் தடையை அதன் அடியில் ஒரு குறிப்பாகவும் நடத்துவது நம் வழக்கமாகிவிட்டது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே மேசையில், கையில் தாளும் பாட்டிலும் வைத்துக்கொண்டு நடத்திப் பாருங்கள். "நீ பார்த்தது சரி, அது ஏன் அப்படி நடக்கிறது என்று பார்ப்போம், வா" என்று குழந்தையிடம் சொல்ல நமக்கு வாய்ப்புக் கிடைக்கும் பாடங்களில் இது ஒன்று. அந்த வாய்ப்பை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.